நாலாவது மாடியில் நின்று போகும் லிஃப்ட்

ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்ற விஷயத்தில் மட்டும்தான் அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

வாரத்தில் ஒரு பகல் குழந்தையை அப்பாவிடம் விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எப்படி விடுவது என்று சொல்லவில்லை. அதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அம்மா, அப்பா குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழந்தையை லிஃப்டுக்குள் நிறுத்தி, ஏழாவது மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவாள். கதவு மூடியதும் போனில் 'ஏத்திட்டேன்' என்று ஒரு செய்தி. மேலே கதவு திறந்ததும் அவனிடமிருந்து 'வந்துட்டா' என்று பதில். சாயங்காலம் இதே காரியம் தலைகீழாக நடக்கும். பிரிந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மிச்சத்தை வக்கீல்கள் பேசினார்கள்.

"கொரியர்காரன்கூட கையெழுத்து வாங்கிட்டுதான் பார்சலைக் குடுப்பான்," என்றார் வாட்ச்மேன் ஒருநாள், அவள் காதில் விழும்படி. "நீங்க ரெண்டு பேரும் அதுகூட இல்லாம புள்ளைய அனுப்புறீங்க."

"உங்க வேலையப் பாருங்க அண்ணே."

"என் வேலையே பாக்குறதுதானேம்மா."

குழந்தையின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்தின் லிஃப்டும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் லிஃப்டுகளும் அவன் பொறுப்பு. முன்பு மூன்று பேரும் இதே கட்டடத்தில் நாலாவது மாடியில் குடியிருந்தார்கள். பிரிந்தபோது அவள் குழந்தையோடு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போனாள். அவன் ஏழாவது மாடியில், லிஃப்ட் மோட்டாருக்கு அடுத்த அறைக்கு ஏறினான். சுவர் அதிர்கிறது என்று வேறு யாரும் அந்த அறைக்கு வரமாட்டார்கள். அவனுக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது. நாலாவது மாடி வீடு அதற்குப் பிறகு காலியாகவே கிடந்தது.

சேர்ந்து இருந்தவரை குழந்தையை இருவரும் 'பாப்பா' என்று கூப்பிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பெயர் இருவர் வாயிலும் வரவில்லை. அவள் 'சிட்டு' என்று ஆரம்பித்தாள். அவன் 'எலி' என்றான். யாரும் திட்டம் போட்டு மாற்றவில்லை. மற்றவர் வாயில் புழங்கிய பெயரைச் சொல்ல இருவருக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எலிக்கு ஒன்றாம் வகுப்பு. அப்பாவின் தொழிலில் அவளுக்குப் பிடித்தது கதவு. கதவின் இரண்டு ஓரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுகிறது, அதைக் கை மறைத்தாலும் பை மறைத்தாலும் கதவு மூடாது என்று அவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான்.

"பேய் நின்னா மூடுமா?" என்று கேட்டாள்.

"மூடிடும். பேய்க்கு ஒடம்பு கெடையாது."

"அப்ப பேய் பாவம்ல? நசுங்கிடும்."

அந்த வாரங்களில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. 'ஏத்திட்டேன்' வந்ததும் அவன் தன் மாடியில் லிஃப்ட் வாசலில் போய் நிற்பான். கயிறு ஓடும் சத்தத்தை வைத்தே லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று அவனால் சொல்ல முடியும். ஒவ்வொரு முறையும் அது நாலாவது மாடியில் நின்றது. நின்று, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு மேலே வந்தது. கதவு திறந்தால் எலி பையோடு நின்றிருப்பாள்.

அவனாக ஒரு முடிவுக்கு வந்தான். அவள்தான் கூட ஏறி வருகிறாள். பழைய வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குழந்தையை மட்டும் மேலே அனுப்புகிறாள். அப்படி நினைக்க அவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. நின்று அழட்டும் என்று நினைத்தான். கேட்கவில்லை.

கீழே அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும். வாராவாரம் நாலில் நிற்கும், நகராது. அவளும் ஒரு முடிவுக்கு வந்தாள். அவன்தான் நாலுக்கு இறங்கி வந்து குழந்தையைப் பழைய வீட்டுக்குக் கூட்டிப் போகிறான், அங்கே வைத்து என்னென்னவோ சொல்லிக் கொடுக்கிறான். அவள் இதைத் தன் வக்கீலிடம் சொன்னாள். சமயம் வரும்போது சொல்லலாம் என்று வக்கீல் பத்திரப்படுத்தி வைத்தார்.

இப்படி இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே லிஃப்டை, மேலேயும் கீழேயுமாக நின்று கவனித்தார்கள். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

பகலில் மட்டும் பார்த்தால் போதாது, சனி ஞாயிறு குழந்தை தன்னோடு தங்க வேண்டும் என்று அவன் மனு போட்டிருந்தான். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அவன் அறையை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் கிடைக்கும். இல்லை என்றால் இருக்கும் பகலும் குறையலாம் என்று வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார்.

கவுன்சிலர் அம்மா வந்தார். முட்டி வலிக்காரர். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்தார். புதிய மெத்தை. புதிய தலையணை உறை. சுவர் லேசாக நடுங்கியது.

"என்னப்பா இது, பஸ்ஸுல உக்காந்த மாதிரி இருக்கு?"

"மோட்டாருங்க. பழகிடும்."

"உனக்குப் பழகிடும். புள்ளைக்கு?"

"அவ தாலாட்டுன்னு சொல்லுவாங்க."

அவர் சிரித்தார். அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. போனில் 'ஏத்திட்டேன்' விழுந்தது. இதோ வந்துடறேன் என்று வெளியே போனான்.

கயிறு ஓடியது. நாலில் நின்றது. இன்றைக்குமா என்று பல்லைக் கடித்தான். பிறகு மேலே வந்தது. கதவு திறந்தது.

உள்ளே பை மட்டும் இருந்தது.

பள்ளிக்கூடப் பை. தரையில் சரியாக நடுவில், யாரோ நிறுத்தி வைத்ததுபோல் நின்றது. எலி இல்லை. அவன் உள்ளே போய் மூலையெல்லாம் பார்த்தான், ஒளிய இடமே இல்லாத பெட்டிக்குள். கதவு மூட வந்து, அவன் தோள் மறைத்ததால் திறந்துகொண்டது.

அவளுக்குப் போன் போட்டான். பிரிந்த பிறகு முதல் முறையாகக் குரல்.

"பை மட்டும் வந்திருக்கு. புள்ள எங்க?"

"என்ன வெளையாட்டு இது?"

"நான் கேக்குறேன், புள்ள எங்க?"

"ஏத்தி விட்டேன்ல? வாட்ச்மேன் சாட்சி. இன்னிக்கு அந்தம்மா வந்திருக்காங்கன்னு என்னை மாட்டி விடப் பாக்குறியா?"

"நான் மாட்டி விடுறேனா? கடைசி நேரத்துல புள்ளைய எறக்கிட்டு வெறும் பைய அனுப்புனது நீ."

"நான் வக்கீலுக்குப் போன் பண்றேன்."

"பண்ணு. நானும் பண்றேன்."

இருவரும் பண்ணினார்கள். குழந்தையைக் காணவில்லை என்றதும் ஒருவர் மாடிப்படியில் இறங்கவும் இல்லை, ஒருவர் ஏறவும் இல்லை. அவன் வக்கீல் லைன் கிடைக்கவில்லை. அவள் வக்கீல், போலீசுக்குப் போகலாம், அதற்கு முன் நாலாவது மாடி விஷயத்தைக் கேட்டுவிடுங்கள் என்றார். அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. வாரா வாரம் நாலாவது மாடியில எறங்கி அவகிட்ட என்ன பேசுற?"

"நான் எறங்குறனா? நீதானே அங்க வந்து நிக்கிற."

"நான் கீழ லிஃப்ட் பக்கத்துலயே நிக்கிறேன். ஒரு நாள்கூட மேல வந்ததில்ல."

"நான் அந்த நேரத்துல ஏழாவது மாடிய விட்டு எறங்குனதே இல்ல."

அவன் செருப்பைப் போடாமல் ஓடினான்.

நாலாவது மாடியில் அவன் மேலேயிருந்தும் அவள் கீழேயிருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அவள் மெலிந்திருந்தாள். அவன் தாடி விட்டிருந்தான். இரண்டையும் இருவரும் பார்த்தார்கள். பழைய வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்தத் தாழ்ப்பாள் என்றைக்குமே சரியாக விழாது. பிடியைச் சற்றுத் தூக்கி இடுப்பால் தள்ளினால் பூட்டியிருந்தாலும் திறந்துகொள்ளும். சரிசெய்கிறேன் என்று அவன் குடியிருந்த காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் மூன்று பேருக்கும் அந்த வித்தை தெரியும்.

உள்ளே எலியின் குரல் கேட்டது. அவன் கதவில் கை வைத்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"...பெயிண்ட் அடிக்கப் போறாங்களாம். வாட்ச்மேன் மாமா சொன்னாரு. அதுக்கப்புறம் வேற ஆளுங்க வந்துடுவாங்க. நீ இங்க இருக்க முடியாது."

இடைவெளி. பதில் கேட்பவள் விடும் இடைவெளி.

"அழாத. அழுதா நான் போயிடுவேன்."

இடைவெளி.

"அப்பா குறட்டை விடுவாரு. அம்மா வேலைக்குப் போற அவசரத்துல தலைய இழுத்து இழுத்துப் பின்னுவாங்க. எது பரவால்ல?"

இந்த முறை இடைவெளி நீண்டது.

"ரெண்டுமா? ரெண்டும் எப்படிக் கெடைக்கும், லூசு."

அவன் பிடியைத் தூக்கித் தள்ளினான்.

வெற்று அறை. மூலையில் பெயிண்ட் டப்பாக்கள். தரையில் அவர்கள் கட்டில் கிடந்த இடம் மட்டும் வெளுத்து, நீண்ட சதுரமாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் சின்னதாய் இன்னொரு சதுரம், குழந்தையின் கட்டில் கிடந்த இடம். அதற்கு வெளியே எலி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சதுரத்துக்குள் அரை பிஸ்கட் இருந்தது. காணோம் காணோம் என்று அவள் அம்மா தேடிய ஒற்றைச் சாக்ஸ். அப்பா வாங்கித் தந்த தலை கிளிப். எறும்புகள் வரிசையாகப் பிஸ்கட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தன.

"லிஃப்ட் கதவுல பைய வச்சுட்டுதானே வந்தேன்," என்றாள் எலி, திட்டு விழும் என்று முந்திக்கொண்டு. "கதவு மூடாதுன்னு சொன்னியேப்பா. மூடிடுச்சு."

பை உள்பக்கமாகச் சரிந்திருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் கதவு திறந்திருந்தால் கத்த வேண்டிய மணியை, குடியிருப்பவர்கள் தொல்லை என்று சொன்னதால் அவனே கழற்றிப் போட்டிருந்தான். ஏழாவது மாடிப் பொத்தான் அவளுக்கு எட்டாது. நாலு எட்டும்.

அம்மா அவள் எதிரே உட்கார்ந்தாள். "யாருகிட்டடி பேசிட்டிருந்த?"

"பாப்பாகிட்ட."

பிரிந்த பிறகு அந்தப் பெயர் அவன் காதில் விழுவது இதுதான் முதல் தடவை.

"நீதானே பாப்பா," என்றான்.

"நான் எலி. சிட்டும் நான்தான். பாப்பா இவ." சதுரத்தைக் காட்டினாள். "வீட்டக் காலி பண்ணும்போது இவ தூங்கிட்டிருந்தா. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே சாமான் எடுத்தீங்களா, இவள எழுப்பவே இல்ல. அம்மாகூட இருக்கான்னு நீ நெனச்சுட்ட. உன்கூட இருக்கான்னு அம்மா நெனச்சுட்டாங்க."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"நாங்க பேசி முடிச்சுட்டோம்," என்றாள் எலி. பெரிய மனுஷி தோரணை. "ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தி அப்பாகிட்ட, ஒருத்தி அம்மாகிட்ட. சண்டை வேணாம்."

"யாரு யாருகிட்ட?" அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

"மாத்தி மாத்தி வருவோம். நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்போம். உங்களுக்குத் தெரியாது."

துணி தைக்கும் தொழிற்சாலையில் எலியின் அம்மா வெட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். அடுக்கடுக்காகத் துணியைப் போட்டு ஒரே வெட்டில் வெட்டுவாள். மேல்துண்டு எது, அடித்துண்டு எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அவள் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். தூக்கும் வயது தாண்டிவிட்டது, கால் தொங்கியது.

"மேல அந்தம்மா காத்திட்டிருக்காங்க," என்றான்.

"என்ன சொல்லுவ?"

அவன் போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினான். மூன்று பேரும் லிஃப்டில் ஏறினார்கள். அந்த வீட்டை விட்டு வரும்போது எலி அம்மா தோளிலிருந்து குனிந்து, "வரேன், ரெடியா இரு," என்று சொன்னது இருவருக்கும் கேட்டிருந்தது.

கவுன்சிலர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன இவ்வளவு நேரம்?"

நடந்ததை அவள் சொல்லியிருந்தால் அங்கேயே மனு முடிந்திருக்கும். குழந்தையைத் தனியாக லிஃப்டில் அனுப்பியது வெளியே வந்தால் அவளுக்கும் அதே கதிதான். குழந்தை யாரோடு பேசிக்கொண்டிருந்தது என்பது வெளியே வந்தால் இருவருக்கும்.

"லிஃப்ட் மாட்டிக்கிச்சுங்க," என்றான் அவன். தன் கையால் பராமரிக்கும் லிஃப்டைப் பற்றி அவன் அப்படிச் சொன்னதே இல்லை.

"ஆமாங்க," என்றாள் அவள். "நாங்க உள்ள மாட்டிக்கிட்டோம்."

"வைத்தியன் வீட்டுலயே காய்ச்சலா? நல்லாருக்குப்பா." அவர் குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டார். "உனக்கு யாருகூட இருக்கணும்னு ஆசை?"

எலி இருவர் முகத்தையும் பார்த்தாள். பொய் சொன்ன இரண்டு பெரியவர்களின் முகம்.

"நாங்க ஏற்கனவே பிரிச்சுக்கிட்டோம்," என்றாள்.

"அடேங்கப்பா. கோர்ட்டுக்கே வேலையில்லாமப் பண்ணிட்டா." அவர் எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டார். "இவ்வளவு தெளிவான புள்ளைய நான் பாத்ததில்ல. நல்லா வளத்திருக்கீங்க, ரெண்டு பேரும்."

சனி ஞாயிறு கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவன் கேட்டது அப்படியே கிடைத்தது. வக்கீல் கை குலுக்கினார்.

அதற்குள் நாலாவது மாடிக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். வெளுத்த சதுரங்கள் இருந்த தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். புதிய குடித்தனம் வருவதற்கு முதல் நாள் தாழ்ப்பாளைச் சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரர் அவனைத்தான் கூப்பிட்டார். நிமிஷ வேலை. ஒரு திருகாணி. முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினான், டக்கென்று விழுந்தது. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்தான். பார்க்காமல் படியேறினான்.

முதல் வெள்ளிக்கிழமை. இப்போது இருவரும் எதிரில் பார்த்தால் பேசக்கூடிய அளவுக்கு வந்திருந்தார்கள். இருந்தாலும் லிஃப்ட் ஏற்பாட்டை யாரும் மாற்றவில்லை. மாற்றலாம் என்று வாய் வரை வந்ததை இருவருமே விழுங்கினார்கள். சேர்ந்து நின்றால் குழந்தையின் முகத்தைச் சேர்ந்து பார்க்க வேண்டும்.

'ஏத்திட்டேன்.'

அவன் லிஃப்ட் வாசலில் நின்றான். கயிறு ஓடியது. மூன்று. நாலு. நிற்கவில்லை. அத்தனை வாரங்களுக்குப் பிறகு முதல் தடவையாக லிஃப்ட் நாலைத் தாண்டி நேராக மேலே வந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை.

கதவு திறந்தது. பை, அவள், நெற்றியில் சரிந்த முடி. எல்லாம் சரியாக இருந்தது.

"வா எலி."

குழந்தை அவனைப் பார்த்தது. பின்னால் நிற்கும் வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்ததுபோல் ஒரு கணம் நின்றது. பிறகு அவனைத் தாண்டி அறைக்குள் போனது. செருப்பைக் கழற்றி இரண்டையும் சேர்த்து வைத்தது. எலி சேர்த்து வைக்கமாட்டாள். ஒன்று வாசலில் கிடக்கும், ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கும்.

உள்ளே சாயங்கால இருட்டு. மோட்டார் நின்று சுவர் அடங்கியது.

"லைட் எங்கப்பா இருக்கு?" என்றது குழந்தை.

வாராவாரம் வந்து போகிறவள். ஸ்டூலைப் போட்டு ஏறி அந்த ஸ்விட்சைத் தட்டித் தட்டி விளையாடி அவனிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

"தெரியாதா உனக்கு?"

"நான் இங்க வந்ததே இல்லையே."

விளையாட்டு என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். நன்றாக விளையாடுகிறாள். ஸ்விட்சைப் போட்டான். குழந்தை சுவரில் கை வைத்து, புதிய இடத்தைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தது. புதிய மெத்தையில் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தது. அவனைப் பார்த்துச் சிரித்தது. ரொம்ப நாளாகக் காத்திருந்து பார்க்கிற சிரிப்பு அது.

'வந்துட்டா' என்று பதில் போட வேண்டும். போனை எடுத்தான். விரல் எழுத்தின் மேல் நின்றது. யார் வந்துட்டா? அவன் ஜன்னலுக்குப் போனான்.

கீழே தெருவில் அவள் இன்னும் போகவில்லை. பதிலுக்காகப் போனைப் பார்த்தபடி வாசலில் நின்றிருந்தாள். வாட்ச்மேன் ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள். அவன் 'வந்துட்டா' என்று அடித்து அனுப்பினான். அவள் படித்தாள். போனைப் பைக்குள் போட்டாள். நடக்க ஆரம்பித்தாள்.

வேகமாக நடப்பவள் அவள். கூட நடந்தால் அவனே பின்தங்குவான். இன்று மெதுவாக, தெரு ஓரமாக, அடி அடியாகப் போனாள். வலது கை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலகி, கொஞ்சம் தாழ்ந்து, சின்னதாக எதையோ பிடித்ததுபோல் விரல்கள் மடங்கியபடி இருந்தது. திருப்பத்தில் ஒரு லாரி வந்தது. அவள் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாறி நின்றுகொண்டு, இடது கையைத் தாழ்த்தி நீட்டினாள், வண்டி வராத ஓரமாக.

லாரி போகும்வரை காத்திருந்து, குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, தெருவைக் கடந்தாள்.